எம்.எஸ்சி. விண்ணப்பம் போடும் முன்: உயிரியல் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில் இருக்கும் உயிரியல் மாணவரிடம் அடுத்து என்ன என்று கேட்டால், "எம்.எஸ்சி. முடிச்சுட்டு பாத்துக்கலாம்" என்பார். முடித்தபின் பார்க்கும்போதுதான் தெரியும், தான் விரும்பிய வேலையின் அறிவிக்கையில் தன் பட்டத்தின் பெயரே இல்லை என்று. இந்தத் துறையில் மதிப்பெண் குறைந்து வாய்ப்பை இழந்தவர்களுக்குச் சற்றும் குறையாமல், தகுதி விதியைப் படிக்காமல் இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் அந்தப் பதவிக்கு ஏற்கும் பட்டங்களில் பயோடெக்னாலஜி, உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் மூன்றும் உண்டு. தாவரவியல், விலங்கியல் இரண்டும் இல்லை. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வில் கதை தலைகீழ். அங்கே தாவரவியலும் விலங்கியலும் பட்டியலில் இருக்கும். பயோடெக்னாலஜியும் நுண்ணுயிரியலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. காட்டு வேலை கனவோடு, "ஸ்கோப் ஜாஸ்தி" என்று யாரோ சொன்னதைக் கேட்டு பயோடெக்னாலஜி எடுத்தவர் இதை இருபத்தொரு வயதில் கண்டுபிடிப்பது கொடுமை.

ஆசிரியர் வேலையில் இது இன்னும் கறார். தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். அதோடு முடியவில்லை. இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாகவோ, இணையானது என்று அரசாணை உள்ள பாடமாகவோ இருக்க வேண்டும். பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு எம்.எஸ்சி.க்கு வேறு பாடம் மாறினால் 'கிராஸ் மேஜர்' என்ற பெயரில் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளலாம். 'அப்ளைடு', 'அட்வான்ஸ்டு' போன்ற அடைமொழியோடு வரும் புதுப் பாடங்களுக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே கல்லூரியிடம் கேளுங்கள். "இருக்கு, இருக்கு" என்ற வாய்ப்பேச்சு போதாது; அரசாணை எண்ணும் தேதியும் வேண்டும்.

செய்ய வேண்டியது ஒரு சாயங்கால வேலைதான். உங்களுக்குப் பிடித்த மூன்று வேலைகளின் கடைசி அறிவிக்கைகளைத் தரவிறக்கி, கல்வித் தகுதிப் பத்தியை மட்டும் தனியே எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற எம்.எஸ்சி.யைத் தேடுங்கள்.

கணக்கிலிருந்து தப்பித்து வந்தவர்கள்

கணக்குப் பிடிக்காததால் உயிரியல் எடுத்தவர்கள் நிறைய. நுழைவுத் தேர்வுகள் அவர்களை விடுவதில்லை. மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் உதவி பெறும் முதுநிலைப் படிப்புகளுக்கான ஜி.ஏ.டி.-பி தேர்வில் முதல் பகுதியின் 60 கேள்விகளும் பிளஸ் டூ அளவிலான இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். எல்லாமே கட்டாயம். இரண்டாம் பகுதியில் பட்டப்படிப்பு அளவில் 100 கேள்விகள் தந்து 60-க்கு விடை கேட்பார்கள். எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வில் பயோடெக்னாலஜி தாளும் கணிதம், இயற்பியல், வேதியியல் இல்லாமல் இருப்பதில்லை. பின்னால் ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதினால், மொத்தம் 200 மதிப்பெண்ணில் 30 மதிப்பெண் பொதுத் திறனுக்கு: வரைபடம், விகிதம், நிகழ்தகவு. ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண். 20-இல் 15-க்கு விடை சொன்னால் போதும். உயிர் அறிவியல் மாணவர்கள் பலர் இந்த முப்பதைக் கைகழுவிவிட்டு, 4 மதிப்பெண் கேள்விகள் உள்ள மூன்றாம் பகுதியில் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கை மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் போட்டால் கிடைக்கும் மதிப்பெண் அது.

இன்னொன்று நாட்காட்டி. ஆறாம் செமஸ்டர் முடிந்து ஏப்ரலில் விழித்துக்கொள்பவருக்கு, கையெட்டும் தூரத்தில் இருக்கும் கல்லூரி மட்டுமே மிஞ்சும். ஜாம் விண்ணப்பம் முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே வந்துவிடும், தேர்வு பிப்ரவரியில். பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) போன்ற நிறுவனங்களுக்கான ஜெ.ஜி.ஈ.ஈ.பி.ஐ.எல்.எஸ். தேர்வு டிசம்பரில். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கான முதுநிலை கியூட் பொது நுழைவுத் தேர்வு விண்ணப்பமும் குளிர்காலத்திலேயே திறந்து மூடிவிடும். ஆகவே ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும்போதே தேதிகளைக் குறித்துவிட வேண்டும். என்.சி.பி.எஸ்.ஸின் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி.க்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் சேர்க்கை; உங்கள் ஆண்டில் இல்லாவிட்டால் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியையும், டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தையும் பாருங்கள்.

விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட்

இந்தத் தவறுக்கு மட்டும் தனிக் கட்டுரையே எழுதலாம். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டைத் தனியார் லேப் ஒன்றில் பணம் கட்டி 'முடித்துத் தரச்' சொல்வது பரவலான வழக்கம். சில நாள் போய் வேடிக்கை பார்த்தால் பைண்டிங் செய்த தீசிஸ் கையில் வந்துவிடும். பிஎச்.டி. நேர்முகத்தில் அதன் முதல் பக்கத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

உதாரணமாக, மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து 16எஸ் மரபணுவைப் பெருக்கி அடையாளம் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். 27எஃப், 1492ஆர் பிரைமர்கள் (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) என்றும் இருக்கிறது. எதிரில் இருப்பவர் கேட்பார்: ஜெல்லில் பேண்ட் (பெருக்கிய டி.என்.ஏ. தெரியும் கோடு) எங்கே வர வேண்டும்? மரபணுவில் பிரைமர் ஒட்டும் இடத்தைக் குறிக்கும் அந்த எண்களே விடை சொல்கின்றன, ஏறத்தாழ 1,500 பேஸ் பேர். அனீலிங் வெப்பநிலை, அதாவது பிரைமர் ஒட்டும் வெப்பநிலை, ஏன் அவ்வளவு? பிரைமரின் உருகு வெப்பநிலைக்கு மூன்று முதல் ஐந்து டிகிரி கீழே வைப்பது வழக்கம். அதிகம் ஏற்றினால் பேண்டே வராது, அதிகம் இறக்கினால் வேண்டாத இடத்திலும் ஒட்டிக் கூடுதல் பேண்டுகள் வரும். டி.என்.ஏ. போடாத குழாயிலும் பேண்ட் வந்திருக்கிறதே, என்ன பொருள்? ஏதோ ஒரு கரைசலில் கலப்படம். அந்த ஜெல் முழுவதையும் நம்ப முடியாது. "லேப்ல செட் பண்ணி வச்சிருந்தாங்க சார்" என்று மூன்றுக்கும் ஒரே பதில் சொன்னவரை, 85 சதவீத மதிப்பெண்ணும் காப்பாற்றாது.

சொந்தக் கல்லூரி லேபில் பழைய கருவியோடு செய்த சின்ன ப்ராஜெக்ட், தோல்வியில் முடிந்திருந்தாலும் இதைவிட மேல். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்: எவ்வளவு எடுத்தீர்கள், எந்த பேட்ச், எது வரவில்லை, அடுத்து எதை மாற்றினீர்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களையும் இதே கணக்கில் சேர்த்து விலக்கிவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் இதழின் பெயரைப் பார்த்ததும் அடுத்த வரியைப் படிப்பதில்லை.

கோடைப் பயிற்சிக்கு மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டம் உண்டு. இரண்டு மாதம், உதவித்தொகையுடன். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். நேரடியாகப் பேராசிரியருக்கு எழுதுவதானால் ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். முந்தையவரின் பெயரோடு அடுத்தவருக்குப் போய்ச் சேர்வது அப்படித்தான். எட்டு முதல் பத்து வரி போதும்: அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் உங்களுக்குப் புரிந்த ஒரு விஷயமும் புரியாத ஒரு கேள்வியும், கைவரப்பெற்ற இரண்டு மூன்று செய்முறைகள், வரக்கூடிய தேதிகள். இரண்டு பக்க பயோடேட்டாவை பி.டி.எஃப். ஆக இணையுங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

ஆஸ்பத்திரி லேபும் கோடிங்கும்

நுண்ணுயிரியல் பட்டம் இருந்தால் ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் ஆகிவிடலாம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அரசுப் பணிக்கு அது டி.எம்.எல்.டி. போன்ற மருத்துவ ஆய்வகப் படிப்பு படித்தவர்களுக்கான இடம். பி.எஸ்சி. நுண்ணுயிரியலுக்கு இயல்பான இடம் மருந்து, உணவு, பால் ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. அங்கே ஷிப்ட் உண்டு, ஆவணம் எழுதும் வேலை சோதனையைவிட அதிகம். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

நோயாளிக்குச் செய்த சிகிச்சையைக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங், சென்னையில் உண்மையிலேயே ஆள் எடுக்கும் துறை. ஆனால் பயிற்சி மையத்தின் 'நூறு சதவீத வேலை' விளம்பரத்தை நம்பிப் பெருந்தொகை கட்ட வேண்டாம். நிறுவனங்கள் மதிக்கும் சி.பி.சி. தேர்வு அமெரிக்காவின் ஏ.ஏ.பி.சி. அமைப்பு நடத்துவது, 100 கேள்வி, 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். மையம் தரும் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

வெளிநாடு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயிரியல் பிஎச்.டி.க்கு முதுநிலைப் பட்டம் பொதுவாகக் கட்டாயமில்லை. இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணமும் தள்ளுபடி, மாதச் செலவுக்கும் பணம் உண்டு. எம்.எஸ்.ஸோ பெரும்பாலும் கைக்காசு. இது தெரியாமல் பெரிய கல்விக் கடன் வாங்கி எம்.எஸ். போகிறவர்கள் உண்டு. நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்காது என்பதால் இங்கே எம்.எஸ்சி. முடித்துப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிப்பது பலருக்கும் சரியான வழி. கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் தொடக்கம். மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஜூலையிலேயே ஆசிரியர்களிடம் சொல்லிவையுங்கள். அவர்களின் கல்லூரி மின்னஞ்சல் முகவரியையே கேட்கும் இடங்களும் உண்டு.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்பது முக்கால் உண்மை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவுப் பணம் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பர் முதல் கட்டாயம். அதற்குக் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

கைடு தேடும்போது

எம்.ஃபில். பற்றி இன்னும் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளில் அதை நிறுத்திவிட்டது. பிஎச்.டி.க்கு அதே விதிகள் சொல்வது: பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்களை மட்டுமே ஒரு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது. கைடின் (ஆய்வு நெறியாளர்) பெயரும் புகழும் விசாரிப்பவர்கள், அவரிடம் இடம் காலியா, எப்போது ஓய்வு என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அவரிடம் முடித்தவர்களுக்கு எத்தனை ஆண்டு ஆனது என்பதைப் பழைய மாணவர் இருவரிடமாவது கேளுங்கள், அவர் இல்லாத இடத்தில்.

நெட் போன்ற தேர்வுகளில் தேறிப் பிஎச்.டி. சேர்பவருக்கான ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். 42,000. தொகை நல்லதுதான், வருவதுதான் ஒழுங்கில்லை. சேர்ந்த உடனே முதல் தவணை வரும் என்று கணக்குப் போட்டு விடுதிக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சேர்ந்த அறிக்கை, வங்கி விவரம், கைடின் கையெழுத்து எல்லாம் அலுவலகங்களைச் சுற்றி வர மாதங்கள் ஆகலாம். நான்கு மாதச் செலவுக்காவது கையில் பணம் வைத்துக்கொண்டு சேருங்கள்.