டெலிவரியோட சுகர் போயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, போன்ல இதையெல்லாம் செட் பண்ணி வைங்க

கர்ப்பமா இருக்கறப்ப சுகர்னு சொன்னாங்க, இன்சுலின் போட்டீங்க, இல்ல மாத்திரை போட்டீங்க, இல்ல சாப்பாட்டுலயே கன்ட்ரோல் பண்ணீங்க, குழந்தை பொறந்து ரெண்டு நாள்ல டெஸ்ட் பண்ணி நார்மல்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதோட வீட்டுல அந்த பேச்சே நின்னு போயிருக்கும். எனக்கும் அப்படிதான் ஆச்சு. மாசக்கணக்கா "சுகர் பாத்தியா"ன்னு கேட்டவங்க எல்லாரும் அப்புறம் "புள்ள பால் குடிச்சுதா"ன்னு மட்டும்தான் கேட்டாங்க. அதனால நம்மள கேக்கற வேலைய போன்கிட்ட குடுக்கணும், நம்மகிட்ட மட்டும் இல்ல, வீட்டுல இருக்கறவங்ககிட்டயும் அது போய் கேக்கற மாதிரி செட் பண்ணணும். நான் பண்ணினத வெச்சு எழுதறேன்.

சுகர் ஏன் போன மாதிரி தெரியுதுன்னா, நஞ்சுக்கொடில இருந்து வர்ற ஹார்மோனுங்க இன்சுலின சரியா வேலை செய்ய விடாது, நஞ்சு வெளிய வந்ததும் அந்த தடை போயிடுது, சுகரும் இறங்கிடுது. ஆனா கூடுதல் பாரம் வந்தப்ப நம்ம உடம்பால ஈடு குடுக்க முடியலங்கறது அப்பவே தெரிஞ்சு போச்சு இல்லையா. 2020ல நெறைய ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்ததுல, கர்ப்பகால சுகர் வந்த பொண்ணுங்களுக்கு பின்னாடி டைப் 2 சுகர் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட கிட்டத்தட்ட 10 மடங்குன்னு வந்துச்சு. பயமுறுத்த சொல்லல, அமெரிக்கால நடந்த பெரிய தடுப்பு ஆய்வுல நம்மள மாதிரி ஏற்கனவே கர்ப்பகால சுகர் வந்து, பார்டர்ல (நார்மல விட கூட, ஆனா சுகர் வியாதி அளவுக்கு இல்லாம) இருந்த பொண்ணுங்க எடைய கொஞ்சம் குறைச்சு நடைய கூட்டினப்ப அந்த வாய்ப்பு பாதியா குறைஞ்சுது. அதனால கையில வழி இருக்கு.

முதல்ல காலண்டர். டெலிவரி ஆன தேதில இருந்து ஆறு வாரம் எண்ணுங்க, அன்னைக்கு வெறும் வயித்துல ஒரு ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு ரத்தம், இந்த டெஸ்ட் எடுக்கணும். கர்ப்பத்துல சாப்பிட்டு வந்தாலும் குளுக்கோஸ் குடுத்து எடுத்தாங்களே, அது மாதிரி இல்ல, இதுக்கு ராத்திரில இருந்து சாப்பிடாம போகணும், வெறும் தண்ணி குடிக்கலாம். இந்த தேதி குழந்தைக்கு ஒன்றரை மாச தடுப்பூசி போடற நேரத்தோட ஒத்து வரும், அத யாரும் மறக்க மாட்டாங்க, அதனால ரெண்டையும் ஒரே என்ட்ரில போடுங்க: "புள்ளைக்கு ஊசி, எனக்கு குளுக்கோஸ் டெஸ்ட்". பிஹெச்சில, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துல, புதன்கிழமை ஊசி போடுவாங்க, இந்த டெஸ்டும் அங்கயே எடுக்க முடியுமான்னு ஒரு வாரம் முன்னாடியே நர்சம்மாவுக்கு போன் பண்ணி கேட்டுடுங்க, இல்லன்னா வேற லேப் பாக்க டைம் இருக்கும். கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும், ரெண்டு மணி நேரம் கைக்குழந்தையோட பசியா உக்காந்திருக்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல.

அந்த என்ட்ரில கணவரோட மெயில் ஐடிய சேத்துடுங்க, அவர் போன்லயும் அடிக்கும். இத நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். எனக்கு அலாரம் அடிச்ச அன்னைக்கு பாப்பாவுக்கு சளி, நான் ஆஃப் பண்ணிட்டு அப்படியே மறந்துட்டேன், ரெண்டு மாசம் தள்ளிப் போச்சு. அடுத்த தடவை அவர் போன்ல அடிச்சுது, அவரே லீவு சொல்லிட்டு கூட்டிட்டு போனாரு.

லேப்ல சில சமயம் "மூணு மாச சராசரி டெஸ்டே எடுத்துக்கோங்க, குளுக்கோஸ் எல்லாம் வேண்டாம்"னு சொல்வாங்க. பிரசவத்துல ரத்தம் போயிருக்கும், ரத்த அணுக்கள் புதுசா வந்துட்டு இருக்கும், நெறைய பேருக்கு ரத்த சோகையும் இருக்கும், அதனால அந்த நேரத்துல சராசரி டெஸ்ட முழுசா நம்ப முடியாது. குளுக்கோஸ் டெஸ்டையே கேட்டு எடுங்க. வெறும் வயித்துல 126 இல்ல ரெண்டு மணி நேரத்துல 200, இத தொட்டாலே சுகர் கணக்கு, டாக்டர பாக்கணும். ரெண்டு மணி நேர நம்பர் 140ல இருந்து 199 வரைக்கும்னா பார்டர், வருஷா வருஷம் பாக்கணும். எல்லாம் நார்மல்னாலும் அதோட முடிஞ்சு போகல, மூணு வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்தே ஆகணும், நான் வருஷத்துக்கு ஒண்ணுன்னு வெச்சிருக்கேன், பாப்பா பொறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னாடி, காலண்டர்ல வருஷா வருஷம் ரிப்பீட் ஆகற மாதிரி போட்டாச்சு.

அடுத்தது ரிப்போர்ட். கர்ப்பகால ஃபைல் பீரோல எங்கயோ போய் மாட்டிக்கும், நாலு வருஷம் கழிச்சு வேற டாக்டர்கிட்ட போனா கையில ஒண்ணும் இருக்காது. இன்னைக்கே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல உங்களுக்கு நீங்களே அனுப்பி, அந்த சாட்ட பின் பண்ணி வைங்க. சுகர் வேல்யூ, இன்சுலின் போட்டீங்களா, குழந்தையோட பொறந்த எடை, இதெல்லாம் தெரியற பக்கங்கள் போதும்.

சாப்பாட்டுக்கு கலோரி எண்ணற ஆப் வேண்டாம்னுதான் சொல்வேன். நம்ம கீரை கூட்டும் வத்தக்குழம்பும் அதுல சரியா வராது, புள்ளைய மடில வெச்சுட்டு டைப் பண்ணவும் முடியாது, மூணாவது நாள் விட்டுடுவோம். போட்டோ எடுங்க, அது போதும். வாயில போறதுக்கு முன்னாடி ஒரு க்ளிக், டீ பிஸ்கட் உட்பட எல்லாம், மூணே நாள். ஞாயித்துக்கிழமை உக்காந்து வரிசையா பாருங்க. நான் பாத்தப்ப மதிய சாப்பாடு பரவால்லாம இருந்துச்சு, ஆனா ஒரு நாளைக்கு அஞ்சு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சக்கரை, ராத்திரி பால் குடுக்க எந்திரிக்கறப்ப கூடவே நாலு பிஸ்கட், காலைல பிரசவ லேகியம் பெரிய உருண்டையா. இது எதையும் நான் சாப்பாட்டு கணக்குலயே வெச்சிருக்கல. டீய ரெண்டாக்கி சக்கரைய எடுத்தேன், தலைமாட்டுல பிஸ்கட் டப்பாவுக்கு பதிலா வறுத்த கடலையும் தண்ணி பாட்டிலும் வெச்சேன், லேகியத்த சுண்டைக்காய் அளவா கொறைச்சேன்.

லேகியத்துக்கு வீட்டுல பெரிய பேச்சு வரும், தெரியும். கருப்பட்டி தானே சுகர் ஏறாதுன்னு அம்மா சொல்வாங்க. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சக்கரை எல்லாமே சுகர ஏத்தும். கேழ்வரகும் கஞ்சியா கரைச்சு குடிச்சா சீக்கிரம் ஏறும். சண்டை போடாதீங்க, பத்திய சாப்பாட்டுல நமக்கு நல்லதே நெறைய இருக்கு, பால் சுறா புட்டு, பூண்டு குழம்பு, கருவாடு, முருங்கைக்கீரை, முட்டை, இதையெல்லாம் கூட கேளுங்க, அவங்களும் சந்தோஷமா செஞ்சு குடுப்பாங்க. தட்டுல பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி பருப்போ மீனோ முட்டையோ இருக்கான்னு போட்டோல பாத்தாலே தெரிஞ்சுடும். பால் குடுக்கற வரைக்கும் பட்டினி டயட் எதுவும் வேண்டாம், முடிஞ்ச வரைக்கும் தாய்ப்பாலே குடுங்க, அதிகமா தாய்ப்பால் குடுத்த அம்மாக்களுக்கு பின்னாடி சுகர் வர்றது குறைவா இருந்துச்சுன்னு ஆய்வுலயே பாத்திருக்காங்க.

நடை விஷயத்துல போன் பொய் சொல்லும், ஏன்னா நாம வீட்டுக்குள்ள போன எடுத்துட்டு நடக்கறதே இல்ல, அது சார்ஜர்ல கெடக்கும். டெய்லர்கிட்ட குடுத்து நைட்டிக்கு பாக்கெட் வெச்சுக்கோங்க, நெஜமா சொல்றேன், அதுக்கப்புறம்தான் என் ஸ்டெப் கணக்கே சரியா வந்துச்சு. மொத ஒரு வாரம் எதையும் மாத்தாம எவ்வளவு வருதுன்னு மட்டும் பாருங்க, அப்புறம் அதுல இருந்து 500, 500ஆ கூட்டுங்க, பத்தாயிரம் எல்லாம் ஆரம்பத்துலயே வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிஷம்னு கேட்டா மலைப்பா இருக்கும், ஆனா மூணு வேளையும் சாப்பிட்டு பத்து பத்து நிமிஷம் மொட்டை மாடியிலயோ வாசல்லயோ நடந்தா அஞ்சு நாள்ல அது வந்துடுது. சிசேரியன்னா டாக்டர கேட்டுட்டு ஆரம்பிங்க.

இப்ப முக்கியமான விஷயம். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2013ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பார்டர்ல இருந்த 537 பேர எடுத்து, அவங்கள்ல பாதி பேருக்கு ரெண்டு வருஷம் எஸ்எம்எஸ் அனுப்பினாங்க, மெசேஜ் வந்தவங்கள்ல 18 சதவீதம் பேருக்கு சுகர் வந்துச்சு, வராதவங்கள்ல 27 சதவீதம். வெறும் மெசேஜுக்கு இது பெரிய பலன். ஆனா அந்த 537 பேரும் வேலைக்கு போற ஆம்பளைங்க. அப்புறம் இந்தியா, வங்கதேசம், இலங்கை மூணு நாட்டுலயும் கர்ப்பகால சுகர் வந்த 1,600 அம்மாக்களுக்கு மேல வெச்சு வகுப்பு, மெசேஜ், போன்னு ஒரு வருஷம் பண்ணாங்க, 2022ல முடிவு வந்துச்சு, பெருசா வித்தியாசம் இல்ல. கொரோனா நடுவுல வந்ததும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா என் அனுபவத்துல எனக்கு தோணறது என்னன்னா, மெசேஜ் வர்ற நேரத்துல நம்ம கையில புள்ள இருக்கும், இல்ல பாத்திரம் இருக்கும். "போய் நட"ன்னு எனக்கு அனுப்பி என்ன பிரயோஜனம், அந்த பத்து நிமிஷம் புள்ளைய வாங்கிக்க ஒரு ஆளுக்கும் சேத்து அனுப்பணும்.

அதனால ஃபேமிலி குரூப்ல தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு யாராவது ஒருத்தர் புள்ளைய வாங்கிக்கணும்னு பேசி முடிவு பண்ணுங்க, அந்த அலாரத்த அவங்கவங்க போன்ல வைங்க. தனியா, உங்கள மாதிரியே கர்ப்பகால சுகர் வந்த ரெண்டு மூணு பேரோட ஒரு சின்ன குரூப்பும் வெச்சுக்கோங்க, நடந்தா ஒரு டிக் போடுங்க, முடியலன்னா வாய்ஸ் நோட்ல ஏன்னு சொல்லுங்க, ஃபார்வேர்ட் எதுவும் கூடாது.

விரல கேமரா மேல வெச்சா சுகர் காட்டும்னு சொல்ற ஆப்ப டெலிட் பண்ணிடுங்க, எந்த போனாலயும் அப்படி சுகர் பாக்க முடியாது. ஊசி குத்தாம சுகர் பாக்கறதா சொல்ற வாட்ச், மோதிரம் எதையும் வாங்காதீங்கன்னு அமெரிக்காவுல மருந்து, மருத்துவ கருவிகள கண்காணிக்கற எஃப்டிஏ 2024 பிப்ரவரிலயே எச்சரிச்சாச்சு.

அடுத்த குழந்தை யோசிச்சா, கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே ஒரு தடவை சுகர் பாத்துடுங்க, இதையும் பின் பண்ண சாட்ல எழுதி வைங்க. இப்ப இந்த மெசேஜ காப்பி பண்ணி தேதி போட்டு வீட்டு குரூப்புக்கு அனுப்புங்க: "எனக்கு இந்த தேதில குளுக்கோஸ் டெஸ்ட். முந்தின நாள் ராத்திரில இருந்து சாப்பிடாம போகணும், மூணு மணி நேரம் ஆகும். புள்ளைய பாத்துக்க கூட யார் வர்றீங்க?"