மாலையைக் கழற்றிய பிறகு

பதினெட்டு ஆண்டுகளாக நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்துவந்த நான், மூன்று முறை விட முயன்று மூன்று முறையும் தோற்ற பிறகு, ஒரு கார்த்திகை முதல் நாளன்று சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டேன். 41 நாள் விரதத்தில் புகைக்கு இடமில்லை, எனினும் எனக்கு உண்மையில் கைகொடுத்தது, தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் எடுத்த பாக்கெட்டை, என் கழுத்தைப் பார்த்ததும் உள்ளே வைத்துவிட்டு, "சாமி, கற்பூரம் வேணுமா?" என்று கேட்ட அந்த விளிதான். முதல் பத்து நாள்கள், சாயங்காலம் ஏழு மணிக்குத் தலை கனத்துக் கை பரபரத்தபோதெல்லாம், குளித்த ஈரம் காயாத துளசிமணிகளை விரலால் உருட்டியபடி சரணம் சொல்வேன். சில நிமிடங்களில் வேட்கை தணியும். (வேட்கை எழுந்தால் சற்றுப் பொறுங்கள் என்று மருத்துவரும் முன்பே சொல்லியிருந்தார், அப்போது கேட்க மனம் வரவில்லை.)

நீலிமலை ஏற்றத்தைவிடக் கடினமானது ஊர் திரும்பிய பின் வந்த நாள்கள். மாலையைக் கழற்றிய அன்றே பற்றவைத்தவர்களைப் பார்த்திருந்ததால், குருசாமி கழற்றித் தந்த மாலையைப் பூஜையறையில் வைக்காமல், சிகரெட் இருந்த அதே சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தை மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் தவறினேன், ஒன்றே ஒன்று. மறுநாள் விடியுமுன் குளித்துவிட்டு மறுபடி சரணம் சொல்லத் தொடங்கினேன். அந்த மாலை இன்னும் பையில்தான் இருக்கிறது.