புதைத்த குழாய் அறிக்கையில் 12 மில்லிமீட்டரை எப்படிப் படிப்பது?

சூலூரில் எங்கள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து மேட்டுக்காட்டுக்குப் போகும் பிவிசி குழாய், மோட்டார் போட்டதும் வளைவில் உதறும். அப்பா அங்கே கான்கிரீட் கட்டி அடக்கினார். புதைத்த எஃகுக் குழாயின் நகர்வையும் தகைவையும் (ஓரலகுப் பரப்பில் ஏறும் விசையையும்) மென்பொருளில் கணக்கிட்ட அறிக்கை கைக்கு வந்தால் நானும் வளைவைத்தான் முதலில் புரட்டுவேன்.

அந்த வளைவில் வந்து முட்டும் நகர்வு எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். 12 அங்குலக் குழாய், சுவர் 9.5 மில்லிமீட்டர், வெப்ப ஏற்றம் 30 டிகிரி, நீளவாட்டில் மண்ணின் பிடி மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளழுத்தத்தை விட்டுவிட்டுக் கைக்கணக்குப் போட்டால், தடையற்ற முனை சுமார் 12 மில்லிமீட்டர் நகரும். ஏறக்குறைய 68 மீட்டர் உள்ளே போனால் நகர்வு சுழியம். ஆனால் தகைவு அங்கேதான் உச்சம்: குழாய் அசைய வழியின்றி 72 மெகாபாஸ்கல் அமுக்கத்தில் கிடக்கும். மென்பொருளில் நீங்கள் அமைத்த குழாய் மாதிரியின் கடைசிக் கணுவில் (கணக்கிடும் புள்ளியில்) நகர்வு இன்னும் சுழியமாகவில்லையா? குழாயைப் பாதியில் வெட்டிவிட்டீர்கள், நீட்டுங்கள்.

12 என்பது பெரிதா சிறிதா? மண்ணைக் கேட்டால்தான் தெரியும். 2001இல் அமெரிக்கன் லைஃப்லைன்ஸ் அலையன்ஸ் வெளியிட்ட புதைகுழாய் வடிவமைப்பு வழிகாட்டியில் நீளவாட்டு எல்லை, அதாவது மண் வழுக்காமல் தாங்கும் நகர்வு, இறுகிய மணலுக்கு 3, தளர்ந்த மணலுக்கு 5, கெட்டிக் களிமண்ணுக்கு 8, இளகிய களிமண்ணுக்கு 10 மில்லிமீட்டர். இதைத் தாண்டினால் மண் வழுக்கத் தொடங்கிவிட்டது. பிறகு நகர்வு இரட்டித்தாலும் பிடிவிசை ஏறாது.

நான் சறுக்கிய இடம் வேறு. இறுகிய மணல், குழாய் மையம் 1.4 மீட்டர் ஆழம். தரை 25 மில்லிமீட்டர் அமிழ்ந்தது. குழாய் 18 இறங்கியதாக அறிக்கை சொன்னது. குழாய் மண்ணுக்குள் கீழே அழுந்துவதற்கான கீழ்நோக்கிய எல்லையைத் தேடி எடுத்து 18ஐ அதோடு ஒப்பிட்டேன். மூத்தவர் ஒன்றும் பேசாமல் ஓரத்தில் "25" என்று எழுதித் திருப்பித் தந்தார். எனக்கு உறைக்க அரை நாள் ஆனது. மண்ணின் உருமாற்றம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 7. மண்ணை வைத்துப் பார்த்தால் குழாய் மேலே ஏறியிருக்கிறது! ஆகவே பார்க்க வேண்டியது மேல்நோக்கிய எல்லை, அந்த ஆழத்தில் சுமார் 14. மண் எல்லையைத் தாண்டவே இல்லை.

பல்லடம் பக்கத்துக் கரிசலில் இன்னொரு தொல்லை. சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும், ஐப்பசி மழையில் ஊதிக்கொள்ளும். மண்ணுக்குப் பதிலாக மென்பொருள் வைக்கும் ஸ்பிரிங்குக்குப் பருவம் தெரியாது. எனவே இரண்டு முறை ஓட்டுகிறேன். நீளவாட்டுப் பிடியைக் குறைத்து ஓட்டினால் பம்பின் இணைப்பு வாயில் வந்து சேரும் அதிகபட்ச நகர்வு கிடைக்கும். பக்கவாட்டு மண்ணைக் கடினமாக்கி ஓட்டினால் எல்போவில் (குழாயின் வளைவுத் துண்டில்) வளைவுத் தகைவு ஏறும். அதற்கு முன், பள்ளத்தைக் கரிசலாலேயே மூடினார்களா, மணல் கொட்டினார்களா என்று களத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறேன். குழாயைக் கட்டிப்பிடித்திருப்பது அந்த மண்தானே.