பேச்சுக்கு முன்பே தென்படும் ஆட்டிச அறிகுறிகள்

குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லையே என்ற கவலையோடுதான் பெற்றோர் பலர் மருத்துவரிடம் போகிறார்கள். ஆனால் பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலையான ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகள் பல, பேச்சு வரவேண்டிய வயதுக்கு முன்பே குழந்தையின் பார்வையிலும் விரலிலும் தென்படக்கூடியவை.

குழந்தை விளையாட்டில் ஆழ்ந்திருக்கும்போது பின்னால் நின்று, இயல்பான குரலில் பெயர் சொல்லி அழையுங்கள். 12 மாதக் குழந்தை பெரும்பாலும் திரும்பிப் பார்க்கும். பல நாட்கள் அழைத்தும் திரும்பாத குழந்தை, பக்கத்து அறையில் பிடித்த பாட்டு ஒலித்தால் மட்டும் ஓடிவருகிறது என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு கேட்கிறதே என்று செவித்திறன் பரிசோதனையைத் தவிர்த்துவிடக் கூடாது. சில ஒலிகள் கேட்டு, சில கேட்காமல் இருக்கவும் வாய்ப்புண்டு.

அடுத்து விரல். நான் மிகுந்த எடை கொடுப்பது இதற்குத்தான். குழந்தை விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு: 'அது வேண்டும்' என்று கேட்பது ஒன்று, 'அதோ பார்' என்று காட்டுவது மற்றொன்று. வானில் விமானம் போனால் அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதுதான் இரண்டாவது வகை. 18 மாதத்திலும் இப்படிக் காட்டிப் பகிர்வது தொடங்கவில்லை என்றாலோ, கதவைத் திறக்க உங்கள் முகத்தைப் பாராமல் கையை மட்டும் ஒரு கருவியைப் போல இழுத்துக் கைப்பிடிமேல் வைக்கிறது என்றாலோ, தாமதிக்காமல் ஆலோசனை பெறுங்கள்.

பொம்மைக் காரின் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பது, பொருள்களை வரிசையாக அடுக்கி அது கலைந்தால் கதறுவது, கைகளை உதறுவது, நுனிக்காலில் நடப்பது ஆகியவற்றையும் கவனிக்கலாம். ஆனால் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காத குழந்தை ஏது? இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. கண்ணோடு கண் பார்க்கும், கட்டியணைக்கும் குழந்தைக்கும் ஆட்டிசம் இருக்கலாம்.

வந்த சொற்களோ, டாட்டா காட்டுவது போன்ற பழக்கமோ மறைந்துபோனால், எந்த வயதானாலும் காத்திருக்க வேண்டாம். 'ஆண் குழந்தை, மெதுவாகத்தான் பேசுவான்' என்ற ஆறுதல் அங்கே உதவாது.

மருத்துவரிடம் போகுமுன், குழந்தை தனியாகவும் பிறரோடும் விளையாடுவதைச் சில நிமிடங்கள் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். புதிய இடத்தில் குழந்தை வேறு விதமாக நடந்துகொள்ளலாம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவத்தை மருத்துவர் தரலாம். அது வடிகட்டும் சோதனையே, நோயறிதல் அன்று. தடுப்பூசியால் வந்ததோ என்று மருகவும் வேண்டாம். அந்த ஐயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. பேச்சுப் பயிற்சியையும் விளையாட்டுவழிப் பயிற்சியையும் தொடங்க, இறுதி அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.