ஏப்ரலிலேயே தலையில் கை வைக்காதீர்கள்: பேஸ்பால் ரசிகர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

நியூயார்க் மெட்ஸ் அணி 2024 சீசனின் முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. ஜூன் தொடக்கத்தில் 24 வெற்றி, 35 தோல்வி. 'இந்த வருஷமும் போச்சு' என்று டிவியை அணைத்தவர்கள் ஏராளம். அதே அணிதான் அக்டோபரில், மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீகின் இறுதித் தொடர் வரை போய் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் தோற்றது. அடுத்த வருஷம் எல்லாம் தலைகீழ். 2025 ஜூன் 12 அன்று 45 வெற்றி, 24 தோல்வி. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகிலேயே அன்றைக்கு அதைவிட நல்ல கணக்கு எந்த அணியிடமும் இல்லை. அப்புறம் ஆடிய 93 ஆட்டங்களில் ஜெயித்தது 38தான். பிளே-ஆஃப் கைநழுவியது.

இரண்டு வருஷமும் ஏமாந்தவர்கள் பாதி சீசனில் தீர்ப்பு எழுதியவர்கள். ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தவறு இன்னும் சுலபமாக வரும். அங்கே லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம். வரிசையாக நான்கில் தோற்றால் கால்குலேட்டரை எடுக்க வேண்டியதுதான். இங்கே 162. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். 100 ஆட்டம் ஜெயிக்கும் அணியை அபாரமான அணி என்பார்கள். அந்த அணியும் 62 தடவை தோற்றுவிட்டுத்தான் அந்தப் பெயரை வாங்குகிறது. செவ்வாய்க்கிழமைத் தோல்விக்கு புதன்கிழமை வரை துக்கம் காத்தால் உடம்பு தாங்காது.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? வெற்றிக் கணக்கைவிட, யாருடைய உடம்பு நலமாக இருக்கிறது என்பதைப் பாருங்கள். மேலே சொன்ன அதே ஜூன் 12 ஆட்டத்தில் மெட்ஸின் பிட்சர் (பந்து எறிபவர்) கோடாய் செங்கா, எதிரணி பேட்டரை அவுட் ஆக்க முதல் பேஸை மிதிக்க ஓடினார். உயரமாக வந்த பந்தைத் தாவிப் பிடித்து இறங்கியபோது தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. ஜூலையில் திரும்பி வந்தார், பழைய செங்காவாக வரவில்லை. செப்டம்பரில் அவரைக் கீழ்மட்டமான மைனர் லீகுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. அணியின் சரிவுக்கு அவர் ஒருவர் மட்டும் காரணமில்லை. ஆனால் பட்டியலில் முதலிடத்தைப் பார்த்துக் கொண்டாடியவர்கள், அன்றைய பெரிய செய்தி அந்தத் தொடை என்பதைக் கவனிக்கவில்லை.

அடுத்தது, தப்பான எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. பிட்சரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றி–தோல்விக் கணக்கைப் போல ஏமாற்றும் எண் வேறு இல்லை. 2018-இல் மெட்ஸின் ஜேகப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வி. இதை மட்டும் பார்ப்பவர் 'சுமார் ஆள்' என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வருஷம் அவர் வீசியது 217 இன்னிங்ஸ், பேட்டரை அடிக்கவே விடாமல் அவுட் ஆக்கிய ஸ்ட்ரைக்-அவுட் 269, ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.70. தொடர்ந்து 29 ஆட்டங்களில் எதிரணிக்கு மூன்று ரன்னுக்கு மேல் கொடுக்கவில்லை. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்குத்தான். பிறகு ஏன் பத்தே வெற்றி? பிட்சர் பெயரில் வெற்றி எழுத வேண்டுமென்றால் சொந்த அணி பேட்டர்கள் ரன் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவருக்குப் பின் வருபவர்கள் அதைக் காப்பாற்றவும் வேண்டும். இரண்டும் அவர் கையில் இல்லை.

பேட்டிங் சராசரியும் (கிரிக்கெட்டைப் போல ரன் கணக்கு இல்லை, பந்தை அடித்து பேஸை எட்டிய விகிதம்) இதே ரகம். 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு மெட்ஸுக்கு வந்த ஹுவான் சோட்டோவின் 2025 சராசரி .263. 'இதுக்கா இவ்வளவு காசு' என்று கேட்கத் தோன்றும். ஆனால் 127 தடவை எல்லைக்கு வெளியே எறியப்பட்ட நாலு பந்தை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்கு நடந்தே போயிருக்கிறார், 43 ஹோம் ரன் அடித்திருக்கிறார். நடந்து போனது சராசரிக் கணக்கில் சேராது. பேஸை எட்டும் விகிதத்தைப் பாருங்கள்: .396.

ஒன்பதாவது இன்னிங்ஸில் க்ளோசரை (ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பிட்சரை) ஏன் இறக்கவில்லை என்று மேனேஜரைத் திட்டுவதற்கு முன், முந்தைய மூன்று நாள் ஸ்கோர் விவரத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். தொடர்ந்து எறிந்து களைத்த கை என்றால் அன்று ஓய்வுதான். பாதிப் புகார்கள் அங்கேயே அடங்கிவிடும். மீதிப் பாதிக்குத் திட்டலாம், தப்பில்லை.

ஜூலை கடைசியை ஒட்டி வீரர் பரிமாற்றக் கெடு வரும்போது வதந்திகள் பறக்கும். 2015 ஜூலை 29 அன்று மெட்ஸின் சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வில்மர் ஃபுளோரஸை மில்வாக்கி அணிக்குக் கொடுத்தாயிற்று என்று செய்தி பரவியது. ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். சின்ன வயதிலிருந்தே மெட்ஸில் வளர்ந்த பையன். ஃபீல்டிங்கில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் அந்தப் பரிமாற்றமே நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாஷிங்டனுக்கு எதிராக 12-வது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தவர் அவரேதான். அந்த வருஷம் மெட்ஸ் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் வரை போனது. அணி தன் வாயால் அறிவிக்கும் வரை யாருக்கும் பிரியாவிடை கொடுக்காதீர்கள்.

முதுகில் வீரர் பெயர் போட்ட ஜெர்சி வாங்குவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. மெட்ஸ் வரலாற்றிலேயே அதிக ஹோம் ரன் அடித்த பீட் அலொன்ஸோ 2025 டிசம்பரில் பால்டிமோருக்குப் போய்விட்டார்.

காசு விஷயத்தில் இன்னொன்று. லீகின் ஸ்ட்ரீமிங் சந்தாவைக் கட்டிவிட்டு, நம் அணி ஆட்டம் மட்டும் திரையில் கருப்பாக இருப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் அதிகம். அமெரிக்காவில் அந்தச் சந்தா வெளியூர் அணிகளுக்கானது. நியூ ஜெர்சியின் வடபகுதியில் இருந்துகொண்டு மெட்ஸை நேரலையில் பார்க்க உள்ளூர்ச் சேனலுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். பணம் கட்டுமுன் உங்கள் அஞ்சல் எண்ணைக் கொடுத்துச் சரிபாருங்கள்.

162 ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்தே தீருவேன் என்பதும் வேண்டாம். மெட்ஸ் மைதானம் இருக்கும் நியூயார்க்கின் குவீன்ஸில் இரவு 7:10 ஆட்டம் சென்னையில் விடியற்காலை 4:40. வேலைக்குப் போகிறவர் ஆறு மாதம் இப்படி எழுந்தால் ஜூனிலேயே அணி மேல் வெறுப்பு வரும். சுருக்க வீடியோ போதும். வாரத்தில் ஒரு தொடரை மட்டும் உட்கார்ந்து பாருங்கள். நியூயார்க்கில் இருப்பவர்கள் ஏப்ரல் இரவு டிக்கெட் மலிவு என்று மெல்லிய சட்டையோடு போக வேண்டாம், குளிர் பிடுங்கும். பகல் ஆட்டமாக எடுத்தால், 7-ஆம் எண் ரயிலில் மைதானத்துக்கு அடுத்த ஸ்டேஷன்தான் ஃபிளஷிங்; பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டே வரலாம்.

செப்டம்பரில் நடக்கும் தவறு, கணக்கு சமமாக இருந்தால் சமம் என்று நினைப்பது. முன்பெல்லாம் அப்படி வந்தால் 163-வது ஆட்டம் ஒன்று வைப்பார்கள். 2022 முதல் அது கிடையாது. 2025-இன் கடைசி நாளில் மெட்ஸ் மயாமியிடம் 4–0 என்று தோற்றது. சின்சினாட்டியும் அன்று தோற்றது. இரண்டுக்கும் 83 வெற்றி, 79 தோல்வி. ஆனால் இரண்டும் நேருக்கு நேர் மோதிய ஆறு ஆட்டங்களில் நான்கை சின்சினாட்டி ஜெயித்திருந்தது, அதனால் பிளே-ஆஃபுக்குள் போனது அதுதான். ஆகவே ஆகஸ்டிலிருந்தே வைல்டு கார்டு (பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளுக்கான பிளே-ஆஃப் இடம்) போட்டியில் இருக்கும் அணிகளோடு நம் அணியின் நேருக்கு நேர் கணக்கைத் தனியாகக் குறித்து வையுங்கள். அதில் பின்தங்கியிருந்தால், பட்டியல் என்ன சொன்னாலும் ஓர் ஆட்டம் கூடுதலாக ஜெயிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.