பாதியில் சிக்கிய பழைய பெஞ்ச் வைஸ்

மதுரையில் பழைய இரும்புக் கடை ஒன்றில் எடைக்கு வாங்கிய 6 அங்குல வார்ப்பிரும்பு பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்தி, வேலைப்பொருளை இரு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி), தாடை சற்றுத் திறந்ததுமே இறுகி நின்றுவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தெடுத்தும் பயனில்லை. கைப்பிடியோடு சுழன்று தாடையை நகர்த்தும் மரைத் தண்டு வளைந்திருக்குமோ என்று கப்பலூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சுழற்றிப் பார்த்ததில் அது நேராகவே இருந்தது. சதுர மரையும் தேய்ந்திருக்கவில்லை. சூடேற்றச் சொன்னவர்களும் உண்டு. ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும் என்பதால் அதற்கு நான் உடன்படவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. கைப்பிடியைத் திசை மாற்றித் திருப்பும்போது ஏறத்தாழ அரைச் சுற்று வெறுமனே சுழன்றது. மரை தேய்ந்தால் இப்படி ஆடும்; இங்கோ மரை நன்றாக இருந்தது. வைஸை மேசையிலிருந்து கழற்றிக் கவிழ்த்து, உள்ளே அந்தத் தண்டின் மரை ஓடும் நட்டின்மீது விரலை வைத்துக்கொண்டு மகனைக் கைப்பிடியைத் திருப்பச் சொன்னேன். நட்டே முன்னும் பின்னும் நகர்ந்தது. அதை உடலோடு பிணைக்கும் ஒற்றை போல்ட், கல்லாய் இறுகிய கிரீஸுக்குள் தளர்ந்து கிடந்தது. மேசையில் பொருத்தியிருக்கும்வரை அது கண்ணில் படாது. நட்டு சாய்ந்ததால்தான் தண்டு இறுகியிருக்கிறது.

கிரீஸைச் சுரண்டி, ஸ்பிரிங் வாஷர் போட்டு, தாடையை முழுதும் மூடி நட்டு தண்டோடு நேராக அமர்ந்த பிறகே போல்ட்டை முறுக்கினேன். இப்போது கடைசிவரை தடையின்றித் திறக்கிறது.