பழைய ஊர சுத்திப் பாக்க போறீங்களா, ரூம் எங்க போடறது?

மொதல்ல மேப்ல பாக்கப்போற இடத்தையெல்லாம் குறிச்சுக்கங்க, எந்தப் பக்கம் நெறைய குவியுதோ அங்கேருந்து நடக்கற தூரத்துல ரூம் தேடுங்க, அப்பத்தான் காலைல கூட்டம் வர்றதுக்குள்ள போயிடலாம், மத்தியானம் கால் கடுத்தா வந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டு மறுபடி கெளம்பலாம்.

பழைய பகுதிக்குள்ளயே தங்கணும்னா வண்டி வாசல் வரைக்கும் வருமான்னு கேட்டுக்கங்க. வெனிஸ் பழைய ஊருக்குள்ள கார் கெடையவே கெடையாது, பாலத்துப் படியில பெட்டிய தூக்கிட்டுத்தான் ஏறி எறங்கணும். இத்தாலில நெறைய ஊர்ல பர்மிட் இல்லாம கார் உள்ள போனா கேமரா புடிச்சு ஃபைன் போட்டுடும். லிஃப்ட் இருக்கான்னும் கேளுங்க, பழைய கட்டடத்துல பாதிக்கு இருக்காது (போட்டோல மட்டும் ஜம்முனு இருக்கும்).

ரிவ்யூல ஸ்டார விடுங்க, "சத்தம்", "படி"னு தேடிப் படிங்க. ஒரே ராத்திரி தான்னா ஸ்டேஷன் பக்கமே போதும்.